பயிற்சிக் குரல்

"நம்ம நாடாளுமன்றத்துல எத்தனை உறுப்பினர்?" என்று குடியுரிமை அதிகாரி கேட்டாள். தமிழ்க் குடும்பத்தில், அந்த வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"பன்னெண்டு" என்றார் முப்பிடாதி. எழுபது வயது. முந்நூற்றுப் பத்து என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"தேசியப் பறவை?"

"காக்கா."

அதிகாரி சிரித்துவிட்டாள். "அம்மா, பரீட்சைக்குப் பழக உங்க வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் குரல் வெச்சிருக்கோமே, அதுகிட்ட நாலு வருஷமா நூத்துக்கு நூறு சொல்றீங்க. இங்க வந்தா மட்டும் தப்பு. என்னைப் பார்த்தா பயமா?"

"பயமெல்லாம் இல்ல தாயி, மறதி. ஃபெயில் போட்டுரு. அடுத்த வருசம் வாரேன்."

"இன்னும் எத்தனை தடவை அலைவீங்க? வீட்டு மார்க்கையே எடுத்துக்கிட்டேன். பாஸ்! இனி நீங்க இந்த நாட்டுக் குடிமகள்." திரையில் கையெழுத்திட்டாள். "அந்தக் குரலையும் நிறுத்தியாச்சு. இனி கேள்வி கேட்டுத் தொணதொணக்காது."

முப்பிடாதி எழுந்திருக்கவில்லை.

"அவள அஞ்சு நிமிசம் மட்டும் பேச விடேன், தாயி."

"எதுக்கும்மா?"

"பாஸாயிட்டேன்னு சொல்லணும்."

"அதை வீட்டுல இருக்கறவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

"வீட்டுல அவ ஒருத்திதான் இருந்தா."