முதலில் நீண்ட கை

பாலக்கோட்டுக் கல்யாண மண்டபத்தின் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து நிற்கிறார் பிலவேந்திரன். உள்ளே மகள் மோனிஷாவுக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் மாநில செஸ் போட்டிக்குப் போகலாம். எதிரே இருக்கும் ஆசிமுக்கோ டிராவே போதும். அவள் தொடங்கியது இத்தாலியன் ஓபனிங். அந்தப் பெயரைத் தான் வேலை பார்க்கும் தக்காளி மண்டி முழுக்கப் பரப்பியவர் இவர்தான். ஆசிம் ஆரம்பத்திலிருந்தே காய்க்குக் காய் வெட்டிக்கொண்டு வந்து, பலகையில் இரண்டு ராஜாக்களை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறான். இப்போது எழுந்து கை நீட்டுகிறான். தோற்றவர்தான் முதலில் கை நீட்டுவார் என்று பிலவேந்திரனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் கற்ற செஸ் அவ்வளவுதான். "எம் பொண்ணு ஜெயிச்சிட்டாளுங்க!" வாசலுக்கு ஓடி, கையோடு வாங்கி வந்து வெயிலில் பிசுபிசுத்த மைசூர்பாகுப் பெட்டியைத் திறக்கிறார். அது டிரா என்று வாசலில் நிற்கிற பெற்றோர் அத்தனை பேருக்கும் தெரியும். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டி காலியாகும்வரை ஒருவரும் சொல்லவில்லை. வாய்க்கு வேறு வேலை இருக்கிறது. ஆசிமின் அம்மா சாயிரா இரண்டாவதையும் தின்றுவிட்டு விரலைத் துடைக்கிறாள். "நெய்யில பண்ணதுங்களாண்ணா? நல்லாருக்குது. டிரா ஆகி எம் பையன்தான் ஸ்டேட்டுக்குப் போறான், நாங்கல்ல வாங்கியாந்திருக்கணும்!" மோனிஷா படியிறங்கி வருகிறாள். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், பிலவேந்திரன் அவள்முன் வெறும் பெட்டியை நீட்டுகிறார்.