ஒன்பதாம் நாள் கெண்டை

மீன் இரண்டு தடவை கையிலிருந்து நழுவிப் பானைக்குள்ளேயே விழுந்தது.

சின்ன வயதில் குளிப்பாட்டும்போது தம்பியும் இப்படித்தான் வழுக்கிக்கொண்டு ஓடுவான். நினைத்ததும் அய்யம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, மூன்றாவது தடவை கெட்டியாகப் பிடித்தாள்.

தம்பி பொன்னழகு காமாலையில் போய் இன்றோடு ஒன்பது நாள். பதினாறு முடியும்வரை இழவு வீட்டில் கவிச்சி ஆகாது. அதிலும் நாகல் நகரில் அந்தத் தெருவுக்கே மூக்கு நீளம். கதவைச் சாத்திவிட்டுத்தான் அரிவாள்மனையை எடுத்தாள்.

எல்லாம் தம்பி பெண்டாட்டி ஜங்குபாய்க்காக.

ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் பீடி இலை எடுத்துவர நாக்பூருக்கு அப்பால் காட்டுக்குப் போனவன், கட்டிக்கொண்டு வந்த கோண்டு ஆதிவாசிப் பெண். தாலியைக் கழற்றிய பெண்கள், அவள் கைகால் நிறையக் குத்தியிருந்த பச்சையை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

போனவன் போனதிலிருந்து அவள் வயிற்றுக்குள் ஒரு பருக்கை போகவில்லை. மூன்று நாளாக, விடிந்ததும் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று புருஷன் பேரைச் சொல்லிக் கத்துகிறாளாம். பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள்.

இன்று காலை புதுப்பானையில் இந்தக் கெண்டையோடு வந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிச்சி. பானையை இறக்கிவைத்து, மஞ்சள் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

மீனும் கையுமாக வந்தவளுக்கு மஞ்சள் வேறெதற்கு? அந்தப் பிள்ளைக்கு ஒருவழியாகப் பசி வந்துவிட்டது. வரும்போது தட்டில் சோறு இருக்கட்டும், பழி பாவம் தன் தலையோடு போகட்டும் என்று அய்யம்மாள் புளியைக் கரைத்தாள்.

குழம்பு கொதித்து வருகிறபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஜங்குபாயின் முந்தானையில் விரலி மஞ்சள் இருந்தது. ஒரு பிடி அரிசி இருந்தது. கொஞ்சம் செவ்வந்திப் பூவும் இருந்தது.

நேரே பானையிடம் போனாள். வெறும் தண்ணீர். அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானை கைநழுவி, பூவும் அரிசியும் தரையில் கொட்டின.

"எங்க ஊர்ல செத்தவக தண்ணில இருப்பாக. பேரச் சொல்லிக் கூப்புட்டா மீனா வருவாக, வீட்டுக்குக் கூட்டியாந்து சாமியோட வச்சுக்குவோம். மூணு நாளு கூப்புட்டேன் அக்கா… இன்னக்கித்தான் வந்தாக."

சொல்லிவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அய்யம்மாளின் கையில் கரண்டி அப்படியே இருந்தது. கதவு திறக்கப் போவதற்கு முன்புதான் அவள் உப்புப் பார்த்திருந்தாள்.

அந்த ருசி இன்னும் நாக்கில் நின்றது. எச்சிலை விழுங்க முடியவில்லை. துப்பவும் மனம் வரவில்லை.