பெரிய வாசல்

பட்டம் வாங்காதவர்கள் பெரிய வாசலைத் தாண்டினால் ஆயுசுக்கும் பட்டம் கிடைக்காதாம். எங்கள் இத்தாலியக் கல்லூரியில் எல்லோரும் இதை நம்பினார்கள்.

அன்று பக்கவாசல் பூட்டு இறுகிக்கொண்டது. நாற்பது பேர் முற்றத்தில் மாட்டிக்கொண்டோம்.

"நாலு மணிக்கு எனக்கு ரயில்! பெரிய வாசல் திறந்துதானே கிடக்கு?" என்றேன்.

"போயேன் சிக்னே! டென்மார்க்குக்கு வெறுங்கையோட போய்ச் சேரு," என்று சிரித்தாள் வகுப்புத் தோழி ஒர்னெல்லா.

வந்த புதிதில் இதைக் கேலி செய்தவள் நான். இப்போது எனக்கே கால் வரவில்லை.

அப்போது பேராசிரியர் பெல்லோனி வந்தார். இருபது வருடமாக மாணவர்களோடு பக்கவாசலிலேயே போய்வரும் எளிமையான மனிதர்.

"புரொபசர், நீங்கதான் எப்பவோ பட்டம் வாங்கியாச்சே, உங்களுக்கென்ன பயம்? நீங்க போய்ப் பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்களேன்!" என்றேன்.

மறுக்க முடியாமல் போனார். வாசற்படியில் ஒரு காலைத் தூக்கியவர், அப்படியே நின்றார்.

திரும்பி வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தைத் துடைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. எனக்கொண்ணும் அவசரமில்லை."