கரடிக்கு மூக்கடைத்த மாலை

ஒரு மலைக்காட்டில் கரடி ஒன்று இருந்தது. பாறைக்குழியில் நாவல்பழங்களைப் பிசைந்து ஊறவைத்து, அது புளித்துப் பொங்கியதும் மரநாயையும் வௌவாலையும் குடிக்க அழைக்கும்.

இருவரும் வந்ததும் கரடி குழியை முகர்ந்து, “இது மேற்குச் சரிவுப் பழம். முதல்ல துவர்க்கும், அப்புறம் தேனா இறங்கும்” என்று விளக்கும். இருவரும் குடித்துவிட்டு, “நல்லாயிருக்குண்ணே” என்று கிளம்பிவிடுவார்கள்.

“கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்களேன்” என்று கரடி கெஞ்சும்.

“எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்களே!” என்று வௌவால் பறந்துவிடும்.

தனியே நிற்கும் கரடிக்கு மனசு கனக்கும். இதுதான் கடைசி என்று முடிவுகட்டி ஒருநாள் அழைத்தது. அன்று பார்த்து அதற்குச் சரியான ஜலதோஷம், மூக்கு அடைத்துக்கொண்டது.

“எனக்கு வாசனையே தெரியலைப்பா. எப்படியிருக்குன்னு நீங்கதான் சொல்லணும்” என்றது.

வௌவால் நக்கிப் பார்த்துத் தயங்கியது. “புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணே.”

“புளிப்பா? உன் நாக்குல என்ன கோளாறு? இது துவர்ப்பு!” என்று மரநாய் பாய்ந்தது.

சந்தேகம் தீர இன்னொரு வாய் குடித்தார்கள், இன்னும் பலமாகச் சண்டை போட்டார்கள். பொழுது சாய்ந்தும் யாரும் எழவில்லை.

“அடுத்த தடவை ஈச்சம்பழமும் சேர்ப்போம். நான் பறிச்சிட்டு வரேன்” என்றது மரநாய்.

“நல்ல பழம் எங்க இருக்குன்னு உனக்கென்ன தெரியும்? நானும் வரேன்” என்றது வௌவால்.

கரடி பாறையில் சாய்ந்துகொண்டது. அதனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.