கட்டிலில் ஒரு சப்வூஃபர்

"இன்னிக்காவது சத்தத்தைக் கூட்டலாமா தம்பி?"

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார் அந்தம்மா. ஸ்பீக்கர் கடை மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிய நாளிலிருந்து தினமும் போனில் இதே கேள்விதான்.

"அவசரப்படக் கூடாதும்மா. புது ஸ்பீக்கர் உள்ளே விறைப்பா இருக்கும். கொஞ்ச நாள் மெதுவா ஓட்டிப் பழக்கணும். எடுத்த எடுப்புல அலற விட்டா கிழிஞ்சு போயிடும்."

"மெதுவாத்தான் வைக்கிறேன். பொட்டுத் தூக்கம் வரலையே!"

"சத்தம் பத்தலைன்னு தூக்கம் வராம தவிக்கிறது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாம்மா!"

அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். கணவர் இறந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை. பாவம், பாட்டுதான் துணை போலிருக்கிறது என்று நினைத்தபடி படுக்கையறைக்குள் போனவன் திகைத்து நின்றான்.

இரட்டைக் கட்டிலின் ஒரு பக்கம் அவருடைய தலையணை, போர்வை. மறுபக்கம் மெத்தைமேல், அடிநாதத்துக்கென்றே இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி, சப்வூஃபர்.

"ஐயையோ, இதை யாராவது கட்டில்ல ஏத்துவாங்களா? தரையில, மூலையில வைங்கம்மா."

"வேணாம். அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் வெடுக்கென்று. பிறகு குரல் இறங்கியது. "போன்ல கேட்டா கொசு கத்துற மாதிரி இருக்கு தம்பி. அடிவயித்துல இருந்து வரணும். அதுக்குத்தானே இதை வாங்கினேன்!"

"அப்படி என்ன பாட்டும்மா அது?"

அந்தம்மா போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார். அவன் பெட்டியின் துணி மூடியைக் கழற்றி, உள்ளே அதிர்கிற கூம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தான். இளகியிருந்தது.

"நல்லாப் பழகிடுச்சும்மா. இனிமே தாராளமா கூட்டுங்க."

அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. போனில் எதையோ தொட்டார். சத்தத்தைக் கூட்டிவிட்டுத் தன் பக்கத்துத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

கட்டில் அதிர்ந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஓர் ஆணின் குறட்டை!

"குறட்டையே விடறதில்லைன்னு ஒரே சாதிப்பு. அவர்கிட்டயே போட்டுக் காட்டணும்னு திருட்டுத்தனமாப் போன்ல பதிஞ்சு வச்சேன் தம்பி..." என்று ஆரம்பித்தவர், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனார்.