ஏழு மணிக்குள்ளே

பக்கத்துப் பருத்திக் காட்டுக்கு விமானம் கண்ட நேரத்தில் வந்து மருந்தடிக்கும். அந்த நச்சுப்புகை எங்கள் தெருவில்தான் இறங்கும். இருமிக்கொண்டே மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போனோம்.

ஒருவழியாகச் சட்டம் வந்தது. அதிகாரியே ஜீப்பில் வந்து சொன்னார்.

"ஜனங்க வெளியில நடமாடுற நேரத்துல இனி விமானம் வராது. காலையில ஏழு மணிக்குள்ள அடிச்சு முடிச்சிரணும். சந்தோஷம்தானே?"

எங்கள் தெருவில் தறி நெய்யும் பாலையா அண்ணன் பெருமூச்சு விட்டார்.

"அய்யா, ஏழு மணிக்கு மேல நாங்க வீட்டுக்குள்ள தறியில உக்காந்திருவோம். வெயில் ஏறுமுன்ன தெருவுல பாவு நூலை இழுத்துக் கட்டி, பொண்டு புள்ளைகளோட நூல் விறைக்கக் கஞ்சி தடவுவோம். நாங்க வெளியில நிக்கிறதே அந்த நேரந்தான்."

அதிகாரி கையிலிருந்த உத்தரவைப் புரட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு நாளும் கதவையாச்சும் சாத்திக்கிட்டோம்" என்றார் அண்ணன்.