அறுபது சதவீதம்

"மறுபடியும் அறுபதா!"

சோபாவில் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்திருந்த கணவன் தலையில் அடித்துக்கொண்டான். பிராசஸர் வேகத்தை அவன் நூறில் வைப்பதும், குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது அறுபதில் நிற்பதும் இது மூன்றாவது தடவை.

"வைரஸா இருக்குமோ?"

"நான்தான் குறைச்சேன்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "நீங்க மாத்தறதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். நூறுல வச்சா அடுப்பு மாதிரி கொதிக்குதே!"

"கொதிச்சா கொதிக்கட்டும். ரிப்போர்ட் லேட்டுன்னு மேனேஜர் நேத்து எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். என் வேலை போனாலும் பரவாயில்லை, லேப்டாப் சூடாகக் கூடாது. அப்படித்தானே?"

"லேப்டாப் எக்கேடு கெட்டா எனக்கென்ன?"

"பின்னே?"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"உங்க ரிசல்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் என்ன சொன்னார்? மடியில சூடு படவே கூடாதுன்னாரா இல்லையா? ஒரு குழந்தைக்காக ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கோம். டேபிள்ல வைங்கன்னா முதுகு வலிக்குதுங்கறீங்க. நான் வேற என்னதான் பண்ணட்டும்?"

கணவன் எழுந்துபோய் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்துவிட்டு, வேகத்தை அவளே நூறாக்கினாள்.